வேலை சரியில்லன்னா முதல்ல தேதியப் பாருங்க

இங்க சிங்கப்பூர்ல எங்க மேனேஜர் ஒரு சீன அங்கிள். நல்ல மனுஷன்தான், ஆனா டீம்ல ஒரு ஆளோட வேலை சரியில்லன்னா என்கிட்ட வந்து சொல்றது எப்பவும் ஒரே டயலாக், "யூ டாக் டு ஹிம் லா, யூ சேம் லாங்குவேஜ் மா." ஒரே பாஷை பேசுறவங்கன்னா பாதிப் பிரச்சினை அங்கயே முடிஞ்சிடும்னு அவருக்கு ஒரு நினைப்பு. எனக்கோ அங்கதான் தலைவலியே ஆரம்பிக்குது. கண்டிச்சா "நம்மாளே இப்படிப் பண்றான் பாரு"ன்னு நாங்க தங்குற டோர்ம்ல, அதான் தொழிலாளர் விடுதில பேச்சு, கண்டுக்காம விட்டா "தமிழ் ஆளுன்னு விட்டுக்கொடுக்குறான்"னு பங்களாதேஷ் பசங்க முகத்தத் தூக்கி வச்சுக்குவாங்க. நடுவுல நான்.

நான் பாக்குறது ஏர்கான் மெயின்டனன்ஸ். ஆபீஸ் பில்டிங்குங்க, ரெண்டு மூணு ஃபேக்டரி, அதுல இருக்குற ஏஹெச்யு (பெரிய இடத்துக்குக் குளிர்காத்து அனுப்புற யூனிட்), எஃப்சியு (சீலிங்ல இருக்குற சின்ன யூனிட்), கீழ பிளான்ட் ரூம்ல சில்லர் (தண்ணியக் குளிர வைக்கிற மெஷின்), பம்ப்பு, இதெல்லாம் மாசா மாசம் பாத்து ஜாப் ஷீட் போடணும். நானும் கன்ஸ்ட்ரக்‌ஷன் பெர்மிட்ல ஹெல்ப்பரா வந்து டூல் பேக் தூக்கினவன்தான். டெக்னீஷியனா இருந்து சூப்பர்வைசரா ஏத்தி விடும்போது சேஃப்டி கோர்ஸ் அனுப்புவாங்க, பெர்மிட் டு வொர்க், அதான் ஆபத்தான வேலைக்கு முன்னாடி வாங்குற அனுமதிச் சீட்டு, எழுதச் சொல்லித்தருவாங்க, ஆனா நேத்து வரைக்கும் பக்கத்து ஏணில நின்ன ஆளக் கூப்பிட்டு "அண்ணே, உங்க வேலை முன்ன மாதிரி இல்ல"ன்னு எப்படிச் சொல்றதுன்னு எந்தக் கோர்ஸ்லயும் வராது. அதனால எனக்குப் பழகின வழிய இங்க எழுதி வைக்கிறேன், புதுசா சூப்பர்வைசர் ஆன தம்பி ஒருத்தன் கேட்டான், வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி முடியாது இது.

புதுசா வந்து வேலை தெரியாம இருக்கிற ஆளையும், நல்லா பண்ணிக்கிட்டு இருந்து இப்ப சரியில்லாம போன ஆளையும் ஒரே மாதிரி பாக்கக்கூடாது. புது ஆளுக்குக் காட்டிக் கொடுக்கணும், டைம் குடுக்கணும், அவ்ளோதான். ஆனா நல்லா பண்ணவருக்கு வேலை தெரியும், கை மறந்து போயிருக்காது, அப்போ நடுவுல எங்கயோ ஏதோ மாறியிருக்கு. அதனால நான் முதல்ல கேக்குறது "ஏன்"னு இல்ல, "எப்போலேர்ந்து"ன்னு. மேனேஜர்கிட்ட கேட்டா "ரீசன்ட்லி" அப்படின்னுவாரு. எந்த ஆளப் பத்திக் கேட்டாலும் அதே "ரீசன்ட்லி"தான், கிளையன்ட் கடைசியா எப்ப திட்டினானோ அதான் அவருக்கு ரீசன்ட்லி. அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. உக்காந்து பழைய ஜாப் ஷீட்டெல்லாம் எடுத்துப் பாக்கணும்.

எங்க வேலையில இதுக்கு ஒரு வசதி இருக்கு, கால்பேக். இன்னைக்கு ஒரு எஃப்சியு சர்வீஸ் பண்ணி, ஒரு வாரத்துக்குள்ள அதே யூனிட்ல தண்ணி சொட்டுதுன்னு திரும்ப கம்ப்ளெயின்ட் வந்தா, பெரும்பாலும் டிரெய்ன் பைப்ப ஒழுங்கா ஃப்ளஷ் பண்ணலன்னு அர்த்தம். ஃபில்டர மட்டும் கழுவி மாட்டிட்டு டிரெய்ன் பேன்ல (தண்ணி சேர்ற தட்டு) இருக்குற அழுக்க அப்படியே விட்டா பாசி மாதிரி கட்டி பைப்ப அடைச்சிடும், தண்ணி அந்தத் தட்டுல நிரம்பி சீலிங் போர்டு வழியா யாரோட கம்ப்யூட்டர் மேலயாவது இறங்கும். அதனால ஒரு ஆளோட கால்பேக் எந்த மாசத்துலேர்ந்து ஏறுதுன்னு பாத்தா ஒரு தேதி கிடைக்கும். அப்புறம் போட்டோல இருக்குற நேரம், சர்வீஸுக்கு முன்னாடி எடுத்த போட்டோவுக்கும் பின்னாடி எடுத்ததுக்கும் நடுவுல எத்தன நிமிஷம். அப்புறம் எம்சி, அதான் டாக்டர் சீட்டோட எடுக்குற லீவு, அது எந்தெந்தக் கிழமையில விழுதுன்னு. ஆறு மாசம் சர்வீஸ் ஆன ஆளுக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோட சிக் லீவு சட்டப்படி உண்டு, அத எடுத்தான்னு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, நான் சொல்றதும் இல்ல. ஆனா எல்லாம் திங்கக்கிழமையா வந்தா கண்ணுல படத்தானே செய்யும்.

அறந்தாங்கிக்காரர் கதைய சொல்றேன். எங்க டீம்ல ஆளுங்களுக்குப் பேர விட ஊர்தான் பேரு. என்ன விட மூத்தவர், என்ன தனியா இருக்கும்போது தம்பின்னு கூப்பிடுவாரு, மேனேஜர் முன்னாடி சார்ம்பாரு, எனக்கு அது கூச்சமா இருக்கும். பிளான்ட் ரூம்ல பம்ப்பு சத்தத்த வச்சே பேரிங் போகப் போகுதுன்னு சொல்ற கை. அப்படிப்பட்டவரோட ஷீட்ல தப்பு வர ஆரம்பிச்சுது. சில்லர்லேர்ந்து வர்ற தண்ணியோட டெம்பரேச்சர் போன மாசமும் 6.8 டிகிரி, இந்த மாசமும் 6.8, அதுக்கு முந்தின மாசமும் 6.8. மோட்டார் ஆம்ப்ஸும் அப்படியே. மேனேஜர் பாத்துட்டு "ஹி காப்பி லாஸ்ட் மன்த், ஹி நெவர் கோ டவுன்"னு முடிவே கட்டிட்டாரு. கீழ இறங்கிப் போகவே இல்ல, மேல உக்காந்து எழுதுறாருன்னு. வேற ஒரு கம்பெனியா இருந்தா அன்னைக்கே வார்னிங் லெட்டர் போயிருக்கும்.

ஆனா கேமராவுல பாத்தா மனுஷன் பிளான்ட் ரூமுக்குப் போயிருக்காரு, அதுவும் முன்ன விட அதிக நேரம் இருந்திருக்காரு. தேதியப் பாத்தேன், பேப்பர் ஷீட்ட எடுத்துட்டு போன்ல ஆப் குடுத்தாங்களே, அதுலேர்ந்துதான் ஆரம்பம். சரி, ஆப் பழகல போலன்னு ஒரு நாள் கூட உக்காந்து திரும்பக் காட்டினேன். தலைய ஆட்டினாரு. அடுத்த மாசமும் அதே 6.8. அப்புறம் அவரு கூட ஹெல்ப்பரா போற பையன சும்மா விசாரிச்சப்ப அவன் விளையாட்டா சொன்னான், "அண்ணே எப்பவும் என்னையத்தான் படிடா படிடாம்பாரு, நான் இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுவாரோ."

அட, வெள்ளெழுத்து! நாப்பது தாண்டினா எல்லாருக்கும் மெல்ல மெல்ல வர்றதுதான், கண்ணுல லென்ஸ் இறுகிப் போய் கிட்டத்துல இருக்குறது மங்கலாத் தெரியும், தூரத்துப் பார்வை நல்லாவே இருக்கும், அதனால மத்தவங்களுக்கு சந்தேகமே வராது. பழைய பேப்பர் ஷீட்ல கட்டம் பெருசு, எழுத்து பெருசு, எந்தக் கட்டத்துல எது எழுதணும்னு வேற மனப்பாடம், சமாளிச்சிருக்காரு. போன்ல அந்தச் சின்ன எழுத்து, பிளான்ட் ரூம் மங்கல் வெளிச்சம், கேஜ்ல (அளவு காட்டுற மீட்டர்) சின்னச் சின்னக் கோடு, முடியல. தெரியாத நம்பர எழுதுறதுக்கு போன மாச நம்பரே மேல்னு எழுதியிருக்காரு. வெளிய சொல்லாததுக்குக் காரணம், கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா பெர்மிட் ரினியூ பண்ண மாட்டாங்கன்னு டோர்ம்ல யாரோ ஒரு மேதாவி சொல்லி வச்சிருக்கான்.

ஒரு ரீடிங் கண்ணாடி. முஸ்தபா கடையில வாங்கினாரு, அடுத்த ஞாயித்துக்கிழமையே. போன்ல எழுத்தப் பெருசு பண்ணிக் குடுத்தேன், தலையில மாட்டுற டார்ச் ஒண்ணு கம்பெனி கணக்குல எடுத்துக் குடுத்தேன். ரீடிங்கெல்லாம் மாற ஆரம்பிச்சுது, மாறினாதான் அது ரீடிங். ஆனா தப்பு ரீடிங் எழுதினது சின்ன விஷயம் இல்லன்னும் அவருகிட்ட சொன்னேன், கரன்ட் இருக்குற பேனல் முன்னாடி கண்ணு தெரியாம நிக்கிறது விளையாட்டு இல்ல, பக்கத்துல நிக்கிற பையன் உயிரும் அதுல இருக்கு. அதுக்கு அவரு ஒண்ணும் பதில் சொல்லல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு இருந்தாரு. அந்தப் பேச்சு எழுத்துலயும் போச்சு, பெர்சனல் ஃபைல்ல. கண்ணாடி கதை நல்லா முடிஞ்சுதேன்னு அத விட்டுற முடியாது.

எங்க வச்சுப் பேசுறதுங்கிறது அடுத்தது. பல சூப்பர்வைசருங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவப் போட்டு, செவப்புல வட்டம் போட்டு, "ஹூ டூ திஸ்?"னு கேப்பாங்க. முப்பது பேரு பாக்குற குரூப்ல. எனக்கு இது கொஞ்சம் கூடப் பிடிக்காது, அன்னைக்கு ராத்திரி அந்த ஆளு பன்னெண்டு பேரு படுக்குற ரூமுக்குத்தான் திரும்பிப் போகணும், அங்க அந்த போட்டோவ வச்சு ஓட்டுவாங்க, மறுநாள் காலையில அவரு லாரி ஏறும்போதே உங்க மேல இருக்குற வெறுப்போடதான் ஏறுவாரு. காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கூடுற டூல்பாக்ஸ் மீட்டிங்ல வச்சுப் பேசுறதும் அதே கணக்குதான். அதுக்காக கோப்பிக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் தே தாரிக் டீ வாங்கிக் குடுத்துப் பேசுறதும் எனக்கு ஒத்து வராது, அது நட்பாப் போயிடும், பேச்சு ஊர்க்கதைக்குப் போயிடும், கடைசில சொல்ல வந்தத சொல்லாமலே எந்திரிச்சு வந்துருவோம். நான் சாமான் ஏத்தி இறக்குற லோடிங் பே பக்கம் போவேன், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே. கையில ஷீட்டு இருக்கும். "சாப்டாச்சாண்ணே"ன்னு கேட்டுட்டு நேரா விஷயத்துக்கு வந்துருவேன்: மார்ச் வரைக்கும் உங்க கால்பேக் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு, ஏப்ரல்லேர்ந்து இப்படி இருக்கு, நடுவுல என்ன ஆச்சு? அவ்ளோதான் கேள்வி. "உங்களுக்கு இப்பல்லாம் அக்கறை இல்ல"ன்னு ஆரம்பிச்சா அவரு அக்கறை இருக்குன்னு நிரூபிக்கத்தான் வாதாடுவாரு. தேதியக் காட்டிக் கேட்டா அந்தத் தேதிய யோசிப்பாரு, பல பேரு அங்கயே சொல்லிருவாங்க, அம்மா ஆஸ்பத்திரில, வீட்டு லோன், ரூம் மாத்திட்டாங்க, பக்கத்து பெட் ஆளு நைட் ஷிஃப்ட், அவன் வர்ற சத்தத்துல தூக்கமே இல்ல. கடைசில சொன்னதுக்கு டோர்ம் ஆபீஸ்ல பேசி ரூம் மாத்தினாலே போதும், இத விட லேசான வேலை ஒரு சூப்பர்வைசருக்கு இல்ல.

ஓடி, அதான் ஓவர்டைம், அதப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். இங்க சூப்பர்வைசர் கையில இருக்குற பெரிய பிரம்பு ஓடிதான். எவன் மேல கோபமோ அவன ஓடி லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுறது. ஓடிக்கு ஒன்றரை மடங்கு, மாசத்துக்கு 72 மணி நேரம் வரைக்கும்தான் சட்டம், நம்ம ஆளுங்க ஊருக்கு அனுப்புற காசுல பெரும்பங்கு அதுலேர்ந்துதான் வருது, பேசிக் சம்பளத்த மட்டும் வச்சுக்கிட்டு என்ன அனுப்ப முடியும். அத வெட்டினா வேலை திருந்தும்னு நினைக்கிறவங்க அந்த ஆளு அடுத்து என்ன பண்ணுவாருன்னு யோசிக்கிறதில்ல. கடன் கேப்பாரு, இல்ல வெளி வேலைக்குப் போவாரு. ஒருத்தரு களைச்சுப் போயிருக்காரு, தூக்கம் இல்ல, ஏணி ஏறினா ஆபத்துன்னா ஓடி குறைக்கிறது சரி, அது பாதுகாப்பு, அத அவருகிட்ட முன்னாடியே சொல்லிக் குறைக்கணும். தண்டனையா வெட்டக்கூடாது. இதுல எனக்கும் இன்னொரு சூப்பர்வைசருக்கும் இன்னமும் சண்டை உண்டு.

வெளி வேலைன்னதும் மன்னார்குடிப் பையன் ஞாபகம் வர்றான். நல்ல துடிப்பான பையன், கை சுத்தம், ரெண்டு வருஷத்துல டெக்னீஷியன் ஆனவன். அவனோட கால்பேக் எல்லாம் திங்கள், செவ்வாய்ல பண்ண யூனிட்டு, வியாழன் வெள்ளி பண்ணதுல ஒரு குறையும் இருக்காது. மாசத்த வச்சுப் பாத்தா பிடிபடல, கிழமைய வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் ஏர்கான் கேஸ் சிலிண்டர் எடை குறையுது, கெமிக்கல் வாஷ் பாட்டில் காணல. ஞாயித்துக்கிழமைல புளோக் புளோக்கா வீடுகளுக்குப் போய் ஏர்கான் கழுவிக் குடுத்துட்டு இருந்திருக்கான், ஒரு யூனிட்டுக்கு இவ்ளோன்னு. கஷ்டப்பட்டுத்தான் சம்பாதிக்கிறான், ஒத்துக்கிறேன், ஆனா பெர்மிட்ல எந்தக் கம்பெனி பேரு இருக்கோ அங்க மட்டும்தான் வேலை பாக்கலாம், பிடிச்சா 20,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம், அப்புறம் சிங்கப்பூர மறந்துற வேண்டியதுதான். இத லோடிங் பேல வச்சு அவனுக்குப் புரியிற மாதிரி சொன்னேன், கம்பெனி சாமான் போனதுக்கு எழுத்துல வார்னிங்கும் குடுத்தாச்சு. கொஞ்ச நாள் நல்லா இருந்தான். திங்கக்கிழமை யூனிட்டுங்க திரும்ப சொட்ட ஆரம்பிச்சுது. ரெண்டாவது லெட்டர் போச்சு, பெர்மிட் முடியும்போது கம்பெனி ரினியூ பண்ணல. ஏர்போர்ட்டுக்குப் போகும்போது எனக்கு போன் பண்ணான், திட்டுவான்னு நினைச்சேன், சாங்கில சாக்லேட் எங்க சீப்னு கேட்டான்.

இதுல எழுத்துல வைக்கிறது எவ்ளோ முக்கியம்னு பல பேருக்குத் தெரியல. 2019 ஏப்ரல்லேர்ந்து தப்பா வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்ற கேஸெல்லாம் முதல்ல டிஏடிஎம்ங்கிற வேலைத் தகராறு சமரச அமைப்புல சமரசத்துக்குப் போகும், ஒத்து வரலன்னா எம்ப்ளாய்மென்ட் கிளைம்ஸ் டிரிபியூனல்ங்கிற தீர்ப்பாயம். வேலை பாத்த கடைசி நாள்லேர்ந்து ஒரு மாசத்துக்குள்ள போடணும். வேலை சரியில்லன்னு ஒருத்தர அனுப்பலாம், அது நியாயமான காரணம்தான்னு அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் மூணும் சேந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டியே சொல்லுது, ஆனா கம்பெனி அதக் காட்டணும், வாயால சொன்னது கணக்குல வராது. மூணு தடவ கூப்பிட்டுச் சொன்னேன்னு சொல்லுவீங்க, எங்க சொன்னீங்க, என்னைக்கு, அவரு என்ன பதில் சொன்னாருன்னு கேட்டா ஒரு துண்டுப் பேப்பர் இருக்காது. நம்ம கை காலியா இருந்தா அந்த ஆளு சொல்றதுதான் நிக்கும்.

ஹெச்ஆர் ஒரு பிஐபி ஃபார்ம், அதான் சரியில்லாத வேலையத் திருத்துற திட்டம், வச்சிருக்காங்க, நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ், கேபிஐ, மைல்ஸ்டோன்னு என்னென்னவோ. அதுல நம்ம ஆளுகிட்ட கையெழுத்து வாங்குறது சுலபம், எங்க கைய வைக்கச் சொன்னாலும் வைப்பாரு, ஒரு வரி புரிஞ்சிருக்காது. அது அவருக்கு உதவி பண்ண எழுதின ஃபார்ம் இல்ல, கம்பெனியக் காப்பாத்த எழுதினது. நான் அந்த ஃபார்மோட சேத்து ஒரு பக்கம் தமிழ்ல கையால எழுதுவேன். டிரெய்ன் பைப் ஒவ்வொண்ணும் தண்ணி ஊத்தி ஓடுதான்னு பாத்து வீடியோ எடுக்கணும். ரீடிங் புரியலன்னா காலியா விடணும், பழசப் போடக்கூடாது. ரெண்டு வாரம் கழிச்சு எந்தத் தேதில திரும்பப் பேசப் போறோம்னு. இவ்ளோதான் இருக்கும். பங்களாதேஷ் ஆளுன்னா அவங்க டீம் லீடர விட்டு பெங்காலில எழுத வைப்பேன். அந்த ரெண்டு வாரத்துல முன்னேற்றம் இருந்தா அதையும் அதே பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுவேன், இத மட்டும் ஏனோ யாரும் எழுதுறதில்ல, ஃபைலத் திறந்தா குத்தம் மட்டும்தான் இருக்கும்.

"பேசாம அனுப்பிட்டு புது ஆளு எடு"ன்னு மேல இருந்து வர்ற பேச்சுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கேன். கன்ஸ்ட்ரக்‌ஷன்ல ஹையர் ஸ்கில்டு ஆளுக்கு லெவி, அதான் வெளிநாட்டு ஆள வச்சுக்க கம்பெனி அரசாங்கத்துக்குக் கட்டுற காசு, மாசம் 500 வெள்ளி, பேசிக் ஸ்கில்டுக்கு 900, 2024 ஜனவரிலேர்ந்து இதான் ரேட்டு. பழகின ஆள அனுப்பிட்டு பேசிக் ஆள எடுத்தா லெவிலயே மாசம் 400 வெள்ளி கூட, அவனுக்குப் பழக்கிக் குடுக்கிற டைம், அது வரைக்கும் வர்ற கால்பேக், அனுப்புற ஆளோட டிக்கெட்டு, எல்லாம் கம்பெனி செலவு. இதச் சொன்னா எந்த பாஸும் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து கேப்பாரு, மனிதாபிமானம்னு பேசினா வாட்சப் பாப்பாங்க.

இனிமே இந்த மாதிரி கேஸு இன்னும் கூடத்தான் போகுது. 2025 ஜூலை 1லேர்ந்து பெர்மிட் காரங்க இத்தன வருஷம்தான் இங்க வேலை பாக்கலாம்ங்கிற வரம்ப எடுத்துட்டாங்க, வயசும் 63 வரைக்கும்னு ஏத்திட்டாங்க. நல்லதுதான், தொழில் தெரிஞ்சவங்க இருப்பாங்க. ஆனா அம்பது தாண்டின முட்டி, அம்பது தாண்டின காது, அம்பது தாண்டின கண்ணு எல்லாம் அதே ஏணிலதான் ஏறப் போகுது, ஆப்ப எழுதினவங்களுக்கு அது தெரியுமான்னு தெரியல. ஆண்டு மெடிக்கல் மாதிரி கண்ணும் காதும் ஒரு தடவ பாக்கணும்னு மீட்டிங்ல கேட்டிருக்கேன். பட்ஜெட்ல பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க, பாக்கலாம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போதைக்கு என் டேபிள்ல ஒரு சிவகங்கைக்காரரோட ஷீட்டு இருக்கு. கால்பேக் ஏறுது, மாசத்த வச்சும் பாத்தாச்சு, கிழமைய வச்சும் பாத்தாச்சு, பில்டிங்க வச்சும் பாத்தாச்சு, ஒண்ணும் பிடிபடல. நாளைக்கு அவரு கூட ஹெல்ப்பரா நானே ஏணி பிடிக்கப் போறேன், மேனேஜர்கிட்ட சொன்னதுக்கு "யூ சூப்பர்வைசர் ஆர் ஹெல்ப்பர்?"னு கேக்குறாரு.